பழைய காருக்கு இன்சூரன்ஸ் குறைய வேண்டுமா? பெறுமதியில் கை வைக்காதீர்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாகன மதிப்பீடு செய்து பிழைக்கிறவன் நான். மொறிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பேஜோ 404 என்று அப்பா காலத்துக் காரை ஆசையாய் வைத்திருக்கிற எவரைச் சந்தித்தாலும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, இந்த இன்சூரன்ஸ் காசை எப்படிக் குறைக்கலாம்?" கேட்கிறவர்களில் அரைவாசிப் பேர் எனக்கு முன்னமே ஒரு வழியைக் கண்டுபிடித்து, பொலிசியில் காரின் பெறுமதியைக் குறைத்துப் போட்டிருப்பார்கள்.

தொகை இறங்கினால் பிரீமியம் இறங்கும், அது சரி. அடிபட்ட அன்றைக்குத்தான் வினை தெரியும். உங்கள் கார் இன்று சந்தையில் 20 இலட்சம் போகும், நீங்கள் 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு விபத்தில் 3 இலட்சத்துக்குச் சேதம். "மூன்றுதானே, நான் பத்துக்குப் போட்டிருக்கிறேனே" என்று நினைப்பீர்கள். ஆனால் பல பொலிசிகளில் விகிதப்படி கழிக்கிற நிபந்தனை ஒன்று இருக்கிறது. பாதிப் பெறுமதிக்குத்தான் காசு கட்டினீர்கள், ஆகவே சேதத்திலும் பாதி, ஒன்றரை இலட்சம்தான் கிடைக்கும், அதற்குள்ளும் வேறு கழிவுகள் வரும்.

இதில் வேண்டுமென்றே செய்யாதவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது, இடையில் ஓட்டை உடைசல் எல்லாம் விலை ஏறியது. 2019இல் போட்ட தொகையையே வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு வருகிறவர்கள் பொலிசியை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். மறுபக்கம், பாசத்தில் 35 இலட்சம் என்று போடுகிறவர்களும் உண்டு. கார் முழுதாய்ப் போனாலும் சாதாரணப் பொலிசியில் சந்தைப் பெறுமதிதான் தருவார்கள், அப்பா ஓட்டிய கார் என்பதற்காக ஐந்து சதமும் கூடத் தரமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தொகையைச் சரியான இடத்துக்கு இறக்கினாலே பிரீமியம் குறையும்.

அப்படியானால் சரியான பெறுமதி எது? புதுக் காருக்குச் சந்தை விலை தெரியும், 1958ஆம் ஆண்டு மைனருக்கு யார் விலை சொல்வது? அதனால்தான் கையில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும் என்கிறேன். நாலு பக்கமும், உள்ளும், பொனட்டைத் திறந்தும் எடுத்த படங்கள், எஞ்சின் நம்பர், செஸி நம்பர், டிங்கரிங், பெயின்ட் செலவுக் கணக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிய உதிரிச் சாமான்களின் பில் எல்லாம் அதில் இருக்கட்டும். அதோடு ஒரு மதிப்பீட்டு அறிக்கையும் வைத்து, "இந்தப் பெறுமதிக்கு இரண்டு தரப்பும் இணங்குகிறோம் என்று பொலிசியில் எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். இங்கிலாந்தில் பழைய காருக்கென்றே இணங்கிய பெறுமதியோடும் வருஷத்துக்கு இவ்வளவு மைல் என்ற வரம்போடும் பொலிசி விற்கிறார்கள். நமக்கு அது மேசையில் ஆயத்தமாய் இராது, கிளைக்காரர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். ஃபைல் இருந்தால் கேட்பார், வெறுங்கையோடு போனால் "பழைய வாகனம், ஃபுல் இன்சூரன்ஸ் கஷ்டம்" என்று அனுப்பிவிடுவார்.

நான் பார்க்க வரும்போது என்ன பார்க்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கதவுக்குக் கீழ்ப்பக்கம், சில்லுக்கு மேல் வளைவு, முன் விளக்கைச் சுற்றி வைத்துப் பார்ப்பேன். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே தகரம் இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. பிறகு காலடிக் கம்பளத்தைத் தூக்கி, திருப்புளியின் பிடியால் தட்டுவேன். நல்ல தகரம் ணங் என்னும், கறள் தின்றது பொத்தென்று அமுங்கும். கல்லடி, பாசிக்குடாப் பக்கம் கடற்காற்றில் நிற்கிற கார்கள் மேலே கண்ணாடிபோல மினுங்கும், கீழே இப்படித்தான் இருக்கும். கறளுக்கு எந்தப் பொலிசியும் காசு தராது, ஆனால் அது பெறுமதியை இறக்கும். ஆகவே மினுக்கலுக்குப் போடுகிற காசில் கொஞ்சத்தை அடித்தட்டுக்குப் போடுங்கள். நிறுத்துகிற இடமும் முக்கியம், பூட்டுகிற கராஜ் இருந்தால் அதையும் படம் எடுத்து ஃபைலில் வையுங்கள். தென்னைக்குக் கீழே நிறுத்துகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பொனட்டில் விழுந்த குழி சொல்லும்.

எஞ்சின் விஷயத்தில் கவனம். நம் நாட்டில் ஓடுகிற மைனர்கள் பலவற்றில் இருப்பது டட்சன் எஞ்சின்தான், அதில் குற்றமில்லை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் பழைய நம்பரும் காருக்குள் வேறு நம்பரும் இருந்தால் நட்டஈடு கேட்கிற நேரத்தில் அதுவே பெரிய தலையிடி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிந்துவிட்டுக் காப்புறுதிக்குப் போங்கள்.

கலியாணக் கார் ஓட்டம் இன்னொன்று. காத்தான்குடியில் ஒரு ஹாஜியாரிடம், "தனிப்பட்ட பாவனை என்றுதானே பொலிசி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காசு வாங்குகிறீர்களே" என்றேன். "அது வாடகை இல்ல தம்பி, சந்தோசத்துக்குத் தாறது" என்றார். கொம்பனிக்காரர் அந்தச் சந்தோசத்தை ஏற்கமாட்டார். காசுக்கு விடுவதாய் இருந்தால் சொல்லி, அதற்குரிய பொலிசி எடுங்கள். விடுவதில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடுகிற கார், வீட்டில் வேறு வாகனம் இருக்கிறது, ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்று எழுதிக் கொடுத்துக் கழிவு கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

மிச்சம் சின்னச் சின்னது. சேதத்தில் முதல் இவ்வளவு தொகையை நானே போடுகிறேன் என்று ஏற்றால் பிரீமியம் இறங்கும். மாதத்தில் இரண்டு நாள் ஓடுகிற காருக்கு இது நல்ல பேரம். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போட்டு, நட்டஈடு கேட்காத வருஷங்களுக்காகத் தருகிற நோ கிளைம் போனஸ் கழிவைக் கெடுக்காதீர்கள், கொம்பனி மாறும்போது அந்தப் போனஸுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு மாறுங்கள். பழகுநர் ஓட்டுவதற்கான மேலதிகக் காப்பு, மாற்று வாகன வசதி போன்றவை தேவையில்லை என்றால் வெட்டலாம். முன் கண்ணாடிக் காப்பை வெட்ட வேண்டாம், 1956க்கு முந்திய இரட்டைக் கண்ணாடி மைனராய் இல்லாவிட்டால் அந்த வளைந்த கண்ணாடி தேடுவது லேசல்ல. வெள்ளக் காப்பை இந்த ஊரில் யாரும் வெட்டச் சொன்னால் அவர் 2011 ஜனவரியில் இங்கே இருந்திருக்கமாட்டார்.

பில்லில் 18 வீதம் வற் வரி, அதோடு பேரம் பேச முடியாது. ஆகவே கொம்பனிகளிடம் விலை கேட்கும்போது வரி சேர்ந்த தொகையா சேராததா என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள், பொலிசி முடிய இரண்டு மூன்று கிழமைக்கு முன்னமே தொடங்குங்கள். முடிகிற நாளில், வாகன வரிப்பத்திரம் எடுக்க இன்சூரன்ஸ் வேண்டுமென்று அவசரப்பட்டு ஓடி வருகிறவர் எந்தத் தொகை சொன்னாலும் கட்டுவார் என்பது முகவருக்குத் தெரியும்.