'பெண்' கடன் திட்டம்: அடமானம் வேண்டாம், குழு வேண்டும்

மலேசியாவில் இந்தியப் பெண் தொழில்முனைவோருக்காக 2024 மார்ச்சில் அமானா இக்தியார் என்ற சிறுகடன் நிறுவனம் வழியாக வந்த 'பெண்' இஸ்லாமிய முறைக் கடன் திட்டத்துக்கு அப்போது ஒதுக்கியது 5 கோடி ரிங்கிட். "அது இஸ்லாமியக் கடனாச்சே, நமக்குக் கொடுப்பாங்களா?" என்று தயங்க வேண்டாம். திட்டமே நமக்குத்தான். ஷரியா, அதாவது வட்டியைத் தடுக்கும் இஸ்லாமியச் சட்டம், என்பது இங்கே ஒப்பந்தம் எழுதும் முறை, வாங்குபவரின் மதம் அல்ல.

அமானா இக்தியார் 1987-ல் வங்காளதேசத்துக் கிராமீன் வங்கியைப் பார்த்துத் தொடங்கப்பட்டது. சம்பளச் சீட்டும் வீட்டுப் பத்திரமும் இல்லாததால் வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பும் பெண்களுக்குக் கடன் கொடுப்பது அதன் வேலை. அடமானம், ஜாமீன் கிடையாது. அப்போ பணம் எப்படித் திரும்பும்? ஐந்து பெண்கள் ஒரு குழு, பல குழுக்கள் சேர்ந்து ஒரு மையம், அங்கே எல்லார் முன்னாலும் தவணை கட்ட வேண்டும். ஒருத்தி விட்டால் மற்ற நால்வருக்கும் நெருக்கடி. அதனால் குழுவில் யார் யார் என்று பார்த்துச் சேருங்கள். அப்புறம், நாத்தனாரே கேட்டாலும் உங்கள் பெயரில் வேறு யாருக்கும் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள், இந்த மாதிரிக் கடன்கள் முங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

வட்டி இல்லை என்றால் இலவசம் என்று அர்த்தமில்லை. மலேசியாவில் இஸ்லாமிய ரொக்கக் கடனுக்குப் பொதுவாகத் 'தவாருக்' முறைதான்: பாமாயில் போன்ற சரக்கை உங்களுக்கு லாபம் வைத்துத் தவணைக்கு விற்று, அதையே உங்கள் சார்பில் ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தைத் தருவார்கள். எண்ணெயை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள், எல்லாம் காகிதத்தில். ஆனால் விலை கையெழுத்தின்போதே முடிவாகிவிடுவதால், ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) வாங்கியது போல வட்டிக்கு வட்டி ஏறாது.

கணக்கை மட்டும் கவனியுங்கள். உதாரணத்துக்கு, 5,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 10% 'ஃபிளாட்' என்றால் மொத்தம் 5,500, ஐம்பது வாரத்துக்கு வாரம் 110. அசல் வாராவாரம் குறைந்தாலும் லாபம் முழு 5,000-க்கும் போடப்படுவதால் உண்மைச் செலவு கிட்டத்தட்ட 20%. சதவீதத்தை விட்டுவிட்டு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். தாமதமானால் என்ன கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் 'இப்ரா' தள்ளுபடி உண்டா, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

தினமும் காசு புரளும் நாசி லெமாக், தோசைக் கடைக்கு வாரத் தவணை சரி. தீபாவளிக்கு மட்டும் கை நிறைய வேலை வரும் தையல்காரருக்கு மற்ற மாதங்களில் அதுவே கழுத்தைப் பிடிக்கும், அவர் சிறிய தொகையாக எடுப்பதே நல்லது.