இடுப்பு மூட்டு மாற்றிய காயம் கசிந்தால் மாத்திரையைத் தேடாதீர்கள்

"காயத்துல லேசா ஈரம் இருந்துச்சு டாக்டர். மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன், இப்ப குறைஞ்ச மாதிரி இருக்கு." அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றிய 15-ஆம் நாள் ஒரு மகன் போனில் சொன்னது இது. அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் ஈரத்தை விட அந்த மாத்திரைதான் எனக்குப் பயம் தந்தது.

இந்த அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் ஒருவர், இருவருக்குத்தான் தொற்று வரும். வந்துவிட்டால் சாதாரணப் புண் மாதிரி ஆறாது. செயற்கை மூட்டுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. குளத்துப் படியில் பாசி பிடிப்பது போலக் கிருமிகள் அதன்மேல் ஒட்டி, வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. பயோஃபிலிம் என்பார்கள். அதற்குள் இருக்கும் கிருமியை மாத்திரை மட்டும் அழிக்காது. வெளியே கசிவு நிற்கும். உள்ளே பாசி படர்ந்துகொண்டே இருக்கும்.

மூட்டுநீரையோ திசுவையோ எடுத்துக் கல்ச்சர் செய்தால்தான், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான், எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியும். முன்பே ஆன்டிபயாடிக் போயிருந்தால் எதுவும் வளராமல் போகலாம். அப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட நிலைதான் எங்களுக்கு.

முதல் சில வாரங்களுக்குள் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பந்தையும் கிண்ணத்தின் உள்ளுறையையும் மட்டும் மாற்றி, எலும்பில் பதித்த பாகங்களைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாள் கடந்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும். மூட்டு இருந்த இடத்தில் தற்காலிகமாக ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் துண்டு (ஸ்பேசர்) வைத்து, 6 வாரம் போல மருந்து கொடுத்து, தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு. 70 வயதில் இரண்டு பெரிய அறுவை சிகிச்சை என்றால் சும்மா இல்லை.

அந்த அம்மாவை அன்று மாலையே அழைத்து வந்தார்கள். கழுவும்போது ஐந்து இடங்களில் திசு எடுத்தோம். நல்லவேளை, இரண்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்தது. அதற்கேற்ற மருந்து மூன்று மாதம். மூட்டு தப்பியது.

காய்ச்சல் இருந்தால்தான் தொற்று என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் கட்டு நனைவது, குறைந்து வந்த வலி மறுபடி ஏறுவது, இதுவே போதும், எங்களைக் கூப்பிட. வருடங்கள் கழித்தும் வரலாம்: சுகர்காரரின் கால் புண்ணிலிருந்தோ பல் சீழிலிருந்தோ கிருமி ரத்தம் வழியாக மூட்டுக்குப் போய்விடும். நடுக்கத்தோடு காய்ச்சல், குழப்பமான பேச்சு என்றால் மட்டும் போனில் நேரம் கடத்தாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். செயற்கை மூட்டு இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.