வயிறு உப்பினால் முட்டைதானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடியிலிருந்து ஒரு பையன் அம்மாவோடு வந்தான். கையில் கவர், அதற்குள் வெண்கல நிறக் கோரி ஒன்று. தொட்டியின் அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன் அது. "அண்ணா, முட்டை வெச்சிருக்கு. எப்போ போடும்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஒரு வாரமாக வயிறு பெருத்துக்கொண்டே வந்ததாம்.

மீனை வெள்ளை டப்பாவில் விட்டு மேலிருந்து பார்த்தேன். இடதுபக்கம் மட்டும் புடைத்திருந்தது. ஒரு கண் லேசாகப் பிதுங்கியிருந்தது. முட்டை இல்லை, வயிற்றில் நீர் கோத்திருந்தது. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை.

கொளத்தூரில் வண்ணமீன்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கெளுத்தி இனங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. தங்கமீனுக்கு நீர் கோத்தால் செதில்கள் சிலிர்த்து நிற்கும், யாருக்கும் தெரிந்துவிடும். கோரிக்கு அப்படிப்பட்ட செதில் கிடையாது. உடம்பின் இருபுறமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள்தான். அதனால் செதில் சிலிர்ப்பதை எதிர்பார்க்க முடியாது, உப்பிய வயிறுதான் கண்ணில் படும்.

கோரியில் ஆண், பெண்ணைக் கண்ணாடி வழியே பக்கவாட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலிருந்து பாருங்கள். வளர்ந்த பெண் மீன் மார்புத் துடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அகன்றிருக்கும். ஆண் சிறியது, ஒடிசலானது. முட்டை நிறைந்த பெண் தீனியைத் தேடி ஓடும், மணலைக் கிளறும். நோயாளி மூலையில் ஒதுங்கும், தீனியைத் தொடாது, ஒருபக்கமாகக்கூட வீங்கும்.

இதற்கு நேர்மாறான தவறையும் பார்த்திருக்கிறேன். பெரம்பூர்ப் பெரியவர் ஒருவர் தன் பிரிஸில்நோஸ் என்ற கெளுத்தி மீனின் மூக்கில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று நான்கு நாள் மருந்து ஊற்றியிருந்தார். அது பூஞ்சையே இல்லை. ஆண் வளர வளர மூக்கிலிருந்து நெற்றிவரை கிளைவிட்ட சதை முளைகள் வரும். பெண்ணுக்கு அவை இருக்காது, இருந்தாலும் உதட்டோரம் குட்டையாக நிற்கும். பூஞ்சை பஞ்சுபோல இருக்கும், தண்ணீர் அசைந்தால் இழையிழையாக ஆடும். கெளுத்தியில் இன்னொரு வகையான சாதாரண சக்கர் மீனில் ஆண், பெண்ணை வெளியே பார்த்துச் சொல்வது கடினம். கடையில் ஜோடி என்று கொடுத்தால் நம்பாதீர்கள்.

சக்கர் கண்ணாடியில் ஒட்டும்போது அதன் அடிவயிற்றைப் பாருங்கள். உள்ளே குழிந்திருந்தால் பட்டினி. அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது தப்பு. வெள்ளரித் துண்டும் மூழ்கும் தீனியும் இரவில் போடுங்கள்.

உப்புக்கு வருகிறேன். மீன் சோர்ந்தாலே ஒரு கை கல் உப்பு போடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. கெளுத்திகளுக்கு உப்பும் சரி, வெள்ளைப்புள்ளி நோய்க்கான மருந்துகளும் சரி, மற்ற மீன்களைவிடச் சீக்கிரம் ஒத்துக்கொள்ளாமல் போகும். எந்த மருந்தையும் பாதி அளவில் தொடங்குங்கள், அதுவும் என்ன நோய் என்று தெரிந்த பிறகு. மெட்ரோ தண்ணீரானால் குளோரின் நீக்காமல் ஊற்றவே வேண்டாம். கோரி எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்கும், அது இயல்பு. ஓயாமல் போய்ப்போய் வந்தால்தான் கவலை: ஏர் பம்பை ஓட விட்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.

பையனின் மீன் இரண்டாம் நாள் செத்துப்போனது. மிச்சமிருந்த இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒடிசல், ஆண்கள். மீசையில் பாதி இல்லை. தொட்டியில் பெரிய கூழாங்கல், இடுக்கில் எல்லாம் ஊறிப்போன தீனி. கல்லை எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவிய பொடி மணல் போடச் சொல்லி அனுப்பினேன். போன வாரம் அவன் அம்மா போன் செய்தார், மீசை லேசாக வளர ஆரம்பித்திருக்கிறதாம்.