தூண்டில் முள்ளைப் பிடுங்காதீர்கள், அப்படியே வாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் போதும், சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கே ஈ.சி.ஆரில் வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. முட்டுக்காடு, கோவளம், வடக்கே போகிறவர்களுக்குப் பழவேற்காடு. நாலு நண்பர்கள், ரெண்டு தூண்டில் ராட், ஒரு பிளாஸ்க் டீ, வெயில் ஏறுவதற்குள் ஒரு கொடுவா மீனாவது மாட்டாதா என்ற ஆசை. லீவு கிடைத்த கூட்டம் நீலகிரிக்கே ஏறி, ட்ரௌட் மீனுக்கு ஃப்ளை (பூச்சிபோலச் செய்த தூண்டில் முள்) வீசக் கற்றுக்கொள்கிறது. நல்ல பொழுதுபோக்குதான். மொபைலை மறந்துவிட்டு மூன்று மணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பத்து மணிக்குக் கேஷுவாலிட்டி வாசலில் வந்து நிற்கிறதே ஒரு கட்டைவிரல், பிரச்சினை அதுதான்.

அந்தக் கட்டைவிரல் எப்போதும் ஒரே அச்சில்தான் வரும். மேலே கைக்குட்டைக் கட்டு. பிரித்தால் காபித்தூள். காபித்தூளைக் கழுவினால், கடுகளவு இருக்க வேண்டிய ஓட்டை அரை அங்குலத்துக்குக் கிழிந்திருக்கும். சுற்றிலும் கட்டிங் பிளேயரின் பல் தடம். முள் உள்ளேயேதான் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டைத் தோலோடு தோலாக வெட்டிவிட்டிருப்பார்கள். "இழுத்துப் பார்த்தோம் டாக்டர், வரலை. அதான் வெளியே இருந்ததை மட்டும் கட் பண்ணிட்டோம்." பிடித்து எடுப்பதற்கு இருந்த ஒரே பிடி அந்தத் தண்டுதான் ஐயா! அதை வெட்டிவிட்டால், ஐந்து நிமிட வேலை தோலைக் கீறித் தேடும் வேலையாகிவிடுகிறது.

தூண்டில் முள்ளின் முனைக்குக் கீழே எதிர்ப்பக்கமாகப் பார்த்தபடி ஒரு குட்டி முள் இருக்கும். பார்ப் என்பது அதைத்தான். வாயில் மாட்டிய மீனே கழற்ற முடியாததை உங்கள் விரலிலிருந்து இழுத்தே எடுத்துவிடலாம் என்று நினைப்பது என்ன கணக்கோ தெரியவில்லை. வெறுமனே இழுத்தால் வந்த வழியே திரும்பி வருவது பார்ப் இல்லாத முள் மட்டும்தான்.

சென்னைக்குள்ளோ பக்கத்திலோ இருக்கிறீர்கள் என்றால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. தூண்டில் நரம்பை முள்ளிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். முள்ளின் தண்டைத் தொடாதீர்கள். விரலில் மோதிரம் இருந்தால் உடனே கழற்றுங்கள்; வீங்கிய பிறகு மோதிரத்தையும் வெட்ட வேண்டி வரும். குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். தண்டு ஆடாமல் ஒரு பிளாஸ்திரியால் தோலோடு ஒட்டிக்கொண்டு வாருங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், டூத் பேஸ்ட் எதுவும் வேண்டாம். முடிந்தால் அதே டப்பாவிலிருந்து இன்னொரு முள்ளையும் எடுத்து வாருங்கள். உள்ளே இருப்பது எவ்வளவு பெரிது, பார்ப் ஒன்றா, தண்டிலும் இரண்டு மூன்று உண்டா என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். அதை வைத்துத்தான் எடுக்கும் முறையே மாறும். இன்னொன்றையும் சொல்லிவிடலாம். பல கேஷுவாலிட்டிகளில் கெட்டியான தூண்டில் எஃகை வெட்டும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்காது, எலும்பு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வர வேண்டும். உங்கள் நல்ல சைடு கட்டரையும் எடுத்து வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மருத்துவமனையில் நடப்பது பயப்படும்படி ஒன்றுமில்லை. விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, முள்ளை இன்னும் சற்று முன்னால் தள்ளி முனையைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, பார்ப்பை வெட்டிவிட்டு, மிச்சத்தை வந்த வழியே எடுப்பார்கள். தண்டிலும் பார்ப் இருந்தால் பின்பக்கத்தை வெட்டிவிட்டு முன்பக்கமாகவே முழுதும் வெளியேறும். மரத்துப்போன பிறகு செய்கிற வேலை இது. அதைக் கரையோரம் நண்பன் பிளேயரால் செய்து பார்க்கிறான், நண்பனுக்கோ ரெண்டு பீர் உள்ளே போயிருக்கும்.

கண்ணிலோ இமையிலோ குத்தினால் கதையே வேறு. இழுக்கக் கூடாது, கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, பஞ்சு வைத்துக் கட்டவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, முள்ளில் படாமல் குடைபோலக் கவிழ்த்து, கன்னத்திலும் நெற்றியிலும் பிளாஸ்திரி ஒட்டுங்கள். சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். நேரே கண் மருத்துவமனைக்குப் போங்கள். 1819-ல் கண்ணுக்கென்றே தொடங்கிய ஓர் அரசு மருத்துவமனை இன்றும் எழும்பூரில் நடக்கும் ஊர் இது; பக்கத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

மலையில் மாட்டிக்கொண்டால்? அவலாஞ்சியில் 1907-ல் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்துத்தான் நீலகிரி ஓடைகளில் ட்ரௌட் நிலைத்தது. அங்கிருந்து ஊட்டிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அந்த மாதிரி இடத்துக்கு மட்டும் நரம்பு முறை ஒன்று உண்டு. கெட்டியான நரம்பு மூன்றடி எடுத்து, இரட்டையாக மடித்து, முள்ளின் வளைவுக்குள் நடுவாக மாட்டி, இரு நுனிகளையும் இழுப்பவர் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். குத்திய விரலைப் பாறையிலோ பலகையிலோ அசையாமல் வைத்து இன்னொருவர் பிடித்துக்கொள்ள, முள்ளின் காது (நரம்பு கட்டும் ஓட்டை) இருக்கும் பக்கத்தை ஆள்காட்டி விரலால் தோலோடு தோலாக அழுத்த வேண்டும். பார்ப் சதையை விடுவது இந்த அழுத்தத்தில்தான். இதை விட்டுவிட்டு வெறுமனே இழுத்தால் பழைய கதைதான். அழுத்தியபடியே, தோலுக்கு இணையாக, தண்டு நீண்டிருக்கும் திசையில், ஒரே வெடுக். மெதுவாக இழுத்தால் கிழியும். முள் பறந்து வரும் பாதையில் ஒருவரும் நிற்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற எல்லோர் கண்ணிலும் கண்ணாடி இருக்க வேண்டும். முதல் முறையில் வரவில்லையென்றால் இரண்டாம் முறை கிடையாது, மலை இறங்குங்கள். முகம், கழுத்து, காது மடல், மூட்டுப் பக்கம், பிறப்புறுப்பு, அசையாமல் இருக்காத குழந்தை, தண்டில் பார்ப் உள்ள முள், மும்முனை முள் ஆகியவற்றில் இதைத் தொடவே வேண்டாம்.

மும்முனை முள் என்றதும் கொடுவா பிடிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். லூரின் (போலி இரையின்) முள்ளில் ஒரு முனை மீன் வாயில், இன்னொரு முனை உங்கள் உள்ளங்கையில், மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது. இந்தக் கோலத்தில் முதல் வேலை கையைக் கவனிப்பதல்ல, மீனை அடக்குவது. ஈரத் துணியால் மீனை அமுக்கிப் பிடித்து, நரம்பை வெட்டி, மீனுக்கும் கைக்கும் நடுவே முள்ளை வெட்டிப் பிரியுங்கள். தண்டை வெட்டலாம் என்று சொல்லும் ஒரே இடம் இது. அப்போதும் கைப்பக்கம் பிடிக்கும்படி நீளம் விட்டு வெட்டுங்கள்.

ஃப்ளை வீசுவதில் காயம் வரும் இடமே வேறு: பின்மண்டை, காது, பிடரி, பின்னால் நின்று வீடியோ எடுக்கும் நண்பனின் முகம். முன்னால் 12 மீட்டர் போடும் கயிறு, அதற்கு முன் அதே அளவுக்குப் பின்னாலும் விரிந்துவிட்டுத்தான் வருகிறது. தண்ணீர் பக்கம் மட்டும் பார்த்து நிற்கிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை. வலது கையால் வீசுகிறவரின் பின்னாலும் வலப்பக்கமும் யாரும் நிற்கக் கூடாது. நிற்பதானால் இடப்பக்கம், ஒரு ராட் நீளத்துக்குக் குறையாமல் தள்ளி, அவர் பார்வையில் படும்படி. வலப்பக்கமிருந்து காற்று அடித்தால் ஃப்ளை நேரே வீசுகிறவர் காதுக்கு வரும். இடது தோளுக்கு மேலாக வீசுங்கள், இல்லை ஆற்றின் மறுகரைக்குப் போங்கள். தொப்பியும் கண்ணாடியும் வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் சேர்த்துத்தான்.

எல்லாவற்றையும்விட எளிது, பார்ப்பை நசுக்கிவிடுவது. தட்டை மூக்குப் பிளேயரால் ஒரு அமுக்கு. நசுங்கியதா என்று பார்க்க முனையைப் பஞ்சில் செருகி எடுங்கள். நார் சிக்கினால் இன்னொரு அமுக்கு. மீன் தப்பிவிடும் என்பார்கள். நரம்பைத் தொய்ய விடாமல் இழுத்தால் பெரும்பாலும் தப்பாது. பிடித்ததைத் தண்ணீரிலேயே விடுகிறவர்களுக்கு இதுதான் மரியாதையும்கூட.

நடுவில் ஒரு வரி: இன்றைய ராட்கள் பெரும்பாலும் கார்பன், மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே ராடைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். மே மாத மதியம் மலையில் இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறுங்கள்.

இனி டி.டி. ஊசி. இதைத்தான் எத்தனை முறை சொல்வது!

"டி.டி. போட்டாச்சு டாக்டர், செப்டிக் ஆகாதுல்ல?" ஆகும். தாராளமாக ஆகும். டி.டி. ஊசிக்கும் சீழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தடுப்பது டெட்டனஸ் என்ற ஒரே நோயை, தாடை இறுகி உடம்பு வில்லாய் வளையும் அந்த ஒன்றை மட்டும். சீழ் பிடிக்க வைப்பவை வேறு கிருமிகள். அவற்றுக்கு இந்த ஊசி இருப்பதே தெரியாது. இப்போது அரசு மருத்துவமனைகளில் போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்திருக்கிறது; அதுவும் சீழுக்கு மருந்தல்ல. சீழைத் தடுப்பது சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். ஊசியை நம்பிக் காயத்தைக் கழுவாமல் விட்டவர்தான் மூன்றாம் நாள் விரல் வாழைப்பழமாய் வீங்கி வருகிறார். கோபம் வேறு: "ஊசி போட்டும் இப்படி ஆயிடுச்சே!"

அடுத்த வகை இதற்கு நேர் எதிர். "புது முள்ளு டாக்டர், துருவே இல்ல, டி.டி. எதுக்கு?" டெட்டனஸ் துருவிலிருந்து வருவதில்லை. அந்தக் கிருமியின் விதை மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. பளபளவென்ற முள் ஆற்றங்கரை மண்ணில் ஒரு முறை பட்டால் போதும். மூன்றாவது வகை, போன வருடம் போட்டதையே மறந்து ஒவ்வொரு கீறலுக்கும் கையை நீட்டுகிறவர். கணக்கு இதுதான்: சிறுவயதுத் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டவருக்கு, சேறு, ஆறு, கடல் பட்ட காயமென்றால் கடைசி ஊசிக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் போட வேண்டும், சுத்தமான சிறு காயமென்றால் பத்து வருடம். எப்போது போட்டதென்று நினைவில்லை என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், குத்துமதிப்பாக ஒரு வருடம் சொல்லாதீர்கள். இதுவரை ஊசியே போடாதவர்களுக்கு வேறொரு ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம்.

முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி உப்பும் நன்னீரும் கலக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. கல்லீரல் கெட்டவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் முள் குத்தினால் அன்றைக்கே வந்துவிடுங்கள், தயவுசெய்து. மற்றவர்கள் இரண்டு நாள் கவனியுங்கள். சிவப்பு பரவுகிறதா என்று பேனாவால் ஓரத்தில் கோடு போட்டுப் பாருங்கள். கோடு தாண்டினால், காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி இருந்தால், கொப்புளம் வந்தால், காய்ச்சல் அடித்தால், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

எல்லாம் ஆறி, மூன்று நாலு வாரம் கழித்து அதே இடத்தில் வலியில்லாத ஒரு கட்டி எழும்பி, ஆறாமல், கைமேல் வரிசையாக இன்னும் ரெண்டு மூன்று கிளம்பினால் அது மீன் தண்ணீரில் இருக்கும் ஒருவகைக் காசநோய்க் கிருமியின் உறவாக இருக்கலாம். வழக்கமான மாத்திரைக்கு அது அசையாது. சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். தோல் டாக்டர் உங்களிடம் மீனைப் பற்றிக் கேட்காமல்கூடப் போகலாம். நீங்களே சொல்லுங்கள்: எந்தத் தண்ணீர், எந்த விரல், எத்தனை வாரம் முன்பு என்று.