சென்சார்: உணரியா, உணர்வியா?

மதுரையில் சென்சார் என்றதும் பலருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். என் அக்கா மகன் தெப்பக்குளம் பக்கம் சறுக்குப்பலகை (ஸ்கேட்போர்டு) ஓட்டிப் பழகுகிறான். "மாமா, பலகைக்கு அடியில மாட்டுற சென்சார் ஒண்ணு வேணும்" என்று அவன் கேட்டபோது, "படத்துக்குத்தானேடா சென்சார் பண்ணுவாங்க?" என்றார் என் அம்மா. நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் எழுத்தும் பொருளும் வேறான இரண்டு சொற்கள், தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன.

படத்துக்கான சென்சார், மதிப்பிடுதல் என்று பொருள்படும் 'சென்சேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பழைய ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, ஒழுக்கத்தையும் கண்காணித்த அதிகாரியின் பெயர் அது. அதற்குத் தமிழில் தணிக்கை இருக்கிறது. கருவியான சென்சார், உணர்தல் என்று பொருள்படும் 'சென்டீரே'யிலிருந்து வந்தது. அதற்கு உணரி.

சிலர் உணர்வி என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உணர்வித்தல் என்றால் பிறரை உணரச் செய்வது. இந்தக் கருவி செய்வது அதுவல்ல. உணர் என்ற வினையோடு இகரம் சேர்ந்தால் உணரி. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, தேங்காயைத் துருவுவது துருவி. நம் வீட்டுக் கருவிகளுக்குப் பெயர் வைத்த அதே வழிதான். செயலி என்ற சொல்லும் செயலோடு இகரம் சேர்ந்து வந்ததே.

சரி, கருவிக்குள் இருக்கும் ஒரு சில்லு, அதாவது சிப், உணருமா? தொல்காப்பிய மரபியலில் தொடுவதால் அறிவது 'உற்றறிவது'. உயிர்களை இப்படி ஆறு அறிவாக வகுத்தவர்களைத்தான் அந்த நூற்பா 'நேரிதின் உணர்ந்தோர்' என்கிறது. அங்கே உணர்தல் என்பது தெளிந்து அறிதல். அந்தக் கணக்கில் பார்த்தால் சில்லு உற்றறிவதோடு நின்றுவிடுகிறது. இருந்தாலும் இன்று உடம்பு உணர்வதையும் உணர்தல் என்றுதான் சொல்கிறோம். அதனால் உணரி நிற்கட்டும் என்பேன்.

பலகைக்கு அடியில் மாட்டும் கருவிக்குள் முக்கியமாக இரண்டு உணரிகள் இருக்கும். ஒன்று, வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி. மதுரைக்காரருக்கு முடுக்கு என்றால் குறுகலான சந்து. இந்தப் பெயரில் இருப்பது, மாட்டை முடுக்கி ஓட்டுகிறோமே, அந்த முடுக்கு. பலகை தரையில் இருக்கும்வரை புவியீர்ப்பின் அளவு அதில் பதிவாகும். அந்தரத்தில் போனதும் அளவு ஏறக்குறைய சுழியாகும். தரையில் இறங்கும்போது சட்டென்று எகிறும். இடைப்பட்ட நேரம்தான் காற்றில் இருந்த நேரம். அது 0.4 நொடி என்றால் எழும்பிய உயரம் சுமார் 20 சென்டிமீட்டர் என்று போனில் உள்ள செயலி கணக்கிட்டுவிடும்.

இன்னொன்று, சுழல்வதை அளக்கும் ஜைரோஸ்கோப். வட்டம், பார்த்தல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1852இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ வைத்த பெயர். பூமி சுழல்வதைக் கண்ணால் காட்ட அவர் செய்த கருவியில் பம்பரம் போல ஒரு சக்கரம் சுழலும். இந்தக் கருவியிலும் போனிலும் இருப்பதில் சக்கரமே கிடையாது. சிலிக்கானில் செதுக்கிய மிகச்சிறு பகுதி அதிர்ந்துகொண்டிருக்கும், திரும்பும்போது அதிர்வின் போக்கு மாறும். அதனால் சக்கரத்தை விட்டுவிட்டு, வேலையைச் சொல்லும் சுழற்சிமானி என்ற பெயரை நான் பயன்படுத்துகிறேன். பலகை தன் நீளவாட்டு அச்சில் 360 பாகை சுற்றினால் அது கிக்பிளிப் என்ற வித்தை. கிடைமட்டமாக 180 பாகை திரும்பினால் ஷவ்-இட். இந்த வித்தியாசத்தைச் சொல்வது இந்த உணரிதான். போனிலும் இவை உண்டு, ஆனால் சட்டைப்பையில் கிடக்கும் போனுக்கு ஆள் குதித்தது தெரியும், காலடியில் பலகை புரண்டது தெரியாது. பையன் தனிக்கருவி கேட்டது அதற்காகத்தான்.

அப்புறம் வித்தைகளின் பெயர்கள். பலகையோடு எம்பிக் குதிக்கும் ஆலி என்பது 1970களின் பிற்பகுதியில் அதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் ஆலன் கெல்ஃபாண்டின் பட்டப்பெயர். ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது. கிக்பிளிப்பையும் பையன்கள் அப்படியேதான் சொல்கிறார்கள். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. உணரியை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.