ஒழுங்கிலிருந்து பிறக்கும் இரைச்சல்

வானொலியில் நிலையம் அகப்படாதபோது கேட்கும் ‘உஸ்’ இரைச்சலை ஒழிக்கத்தானே பொறியாளர்கள் பாடுபடுகிறார்கள், அதையே உண்டாக்க ஒரு கருவி எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சோதனைக்குத்தான். இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். அதை ஓர் ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தினால், ஒவ்வோர் அதிர்வெண்ணையும் அது எப்படிக் கையாள்கிறது என்பது ஒரே மூச்சில் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் செய்த 1390-பி கருவி, வாயுக் குழாய் ஒன்றைக் காந்தப் புலத்தில் வைத்து, மின்னிறக்கத்தின் கொந்தளிப்பைப் பெருக்கித் தந்தது. நல்ல கருவிதான். ஆனால் இயற்கையான இரைச்சல் ஒருமுறை வந்ததுபோல் மறுமுறை வராது. அளவுகள் ஊசலாடும், நெடுநேரம் சராசரி எடுக்க வேண்டும்.

ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் ஸ்காட்லாந்துப் பிரிவு 1967இல் கொண்டுவந்த 3722ஏ இதற்கு அழகான வழி கண்டது. அதன் இதயம் ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்னும் அறைகளின் வரிசை; ஒவ்வோர் அறையிலும் 0 அல்லது 1 இருக்கும். நான்கே அறைகளை வைத்துப் பார்ப்போம். தொடக்கம் 1000. கருவிக்குள் சீராக வரும் மின்துடிப்பு ஒவ்வொன்றுக்கும் எல்லா எண்களும் ஓர் அறை வலப்பக்கம் நகரும். நகரும் முன் கடைசி இரு அறைகளில் ஒன்றில் மட்டும் 1 இருந்தால் முதல் அறைக்கு 1 வரும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் 0. எனவே 0100, 0010, 1001, 1100 என்று போகும். காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பதினைந்து நிலைகளைத் தொட்டபின் மீண்டும் 1000 வரும். 0000 மட்டும் வராது. வந்தால் அதிலேயே சிக்கிக்கொள்ளும். கடைசி அறையிலிருந்து வெளிவருவது 000100110101111. இந்த வரிசைதான் இரைச்சலாகப் பயன்படுகிறது. குழப்பம்போல் தெரிகிறது, ஆனால் ஒவ்வோர் எண்ணும் விதிப்படி வந்தது. அடுத்தடுத்து நான்கு ஒன்றுகள் விழுந்ததும் ராசி பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு சுற்றிலும் அது தவறாமல் வரும்.

எந்த அறைகளை இணைத்தால் சுற்று முழு நீளம் பெறும் என்பதைச் சொல்வது, பிரெஞ்சுக் கணித அறிஞர் எவரிஸ்ட் கால்வா 1830இல் எழுதிய கணிதம். அன்று அதனால் காசு வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இன்று ஆய்வு நிதி கேட்டால் மூன்றே ஆண்டுகளில் பயனைக் காட்டு என்கிறார்கள். அந்த நிபந்தனையில் கால்வாவுக்கு ஒரு காசும் கிடைத்திருக்காது.

3722ஏ இருபது அறைகள் வரை போகும். சுற்றின் நீளம் 10,48,575. துடிப்பின் இடைவெளியை ஒரு மைக்ரோ விநாடியிலிருந்து 333 விநாடி வரை மாற்றலாம். இரண்டையும் உச்சத்தில் வைத்தால் ஒரு சுற்று முடிய 11 ஆண்டுகள் ஆகும்! மெதுவாக இயங்கும் ஆலைகளைச் சோதிக்க நீண்ட இடைவெளி தேவைப்பட்டது. ஓடும் ஆலையில் இந்த இரைச்சலைச் சிறிதளவு கலந்து, வெளிவருவதை அதே வரிசையோடு ஒப்பிட்டால், உற்பத்தியை நிறுத்தாமலே அதன் குணம் தெரியும். முழுச் சுற்றுக்குச் சராசரி எடுத்தால், உள்ளே செலுத்திய இரைச்சலால் வரும் ஊசலாட்டம் அறவே இராது.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும் பத்து அறைகள் கொண்ட இரு ரெஜிஸ்டர்களால் 1023 நீள வரிசையை அனுப்புகின்றன. உங்கள் செல்பேசி அதே வரிசையைத் தன்னுள் ஓட்டி, இரண்டும் பொருந்தும்வரை நகர்த்திப் பார்க்கிறது. நகர்த்திய அளவிலிருந்துதான் தூரம் கணக்கிடப்படுகிறது.