பழைய டீசல் காரை மைலேஜுக்காக ரீமேப் செய்தால் சட்டப்படி செல்லுமா?

2010 வாக்கில் வாங்கிய ஸ்விஃப்ட், ஐ20, ஃபிகோ, இன்னோவா மாதிரியான டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனை எப்போதாவது வந்திருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில் இருக்கிற பைலை மாற்றி எழுதினால் (இதைத்தான் ரீமேப் என்கிறார்கள்) பிக்கப்பும் கூடும், மைலேஜும் கூடும், ஒரு மணி நேர வேலைதான் என்பார்கள். மைலேஜ் கூடுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். இதற்கு அனுமதி உண்டா, மாட்டினால் என்ன ஆகும், இன்சூரன்ஸ் நிற்குமா என்ற கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காமல் பலர் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள் என்பதால் சட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்சி புத்தகத்தில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் போகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. விதிவிலக்கும் அதே பிரிவில் உண்டு. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி என்று வேறு எரிபொருளுக்கோ ஆற்றலுக்கோ மாறுவதற்கு அங்கீகாரம் பெற்ற கிட் போட்டு, ஆர்டிஓவில் பதிந்து ஆர்சியிலும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதே டீசலில் ஓடும் அதே இன்ஜினின் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி சக்தியைக் கூட்டுவதற்கு அப்படி ஒரு வழி அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு வாதம் சொல்வார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கத்தில் மாற்றம் என்றால் வண்டியின் அமைப்பில் செய்யும் மாற்றம், அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாற வேண்டும் என்று இருக்கிறது. சாஃப்ட்வேர் எப்படி அமைப்பாகும் என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 52ஆவது பிரிவை இறுக்கமாகத்தான் படித்தது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாகப் போகும் மாற்றம் செல்லாது, மாநில விதியைக் காட்டியும் தப்ப முடியாது என்பது அதன் சாரம். அந்த வழக்கு பாடி மாற்றத்தைப் பற்றியது என்றாலும் அளவுகோல் அசல் விவரம்தான். இப்போதைய ஸ்மார்ட் கார்டு ஆர்சியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சிசிக்குப் பக்கத்திலேயே குதிரைத்திறனுக்கும் ஒரு வரி இருக்கும். 75 குதிரைத்திறன் என்று பதிவான வண்டியை 95க்கு ஏற்றிவிட்டு, விவரம் எதுவும் மாறவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

தண்டனை 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 182ஏ பிரிவில் இருக்கிறது. அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மாற்றம் ஒன்றுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். ரீமேப்போடு சேர்த்து, வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வை அடைத்து, புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்திருந்தால் அது மூன்று மாற்றம். புகை, சத்தம் தொடர்பான தரத்தை மீறினால் 190(2)ஆவது பிரிவு தனியாக வரும். முதல் தடவைக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அதோடு மூன்று மாதத்துக்கு லைசென்ஸும் போகும்.

அடுத்து பியுசி, அதாவது புகைச் சான்றிதழ். ரீமேப் செய்தவர்கள் பெருமையாகக் காட்டுவது இந்தச் சான்றிதழைத்தான், குழப்பம் அதிகமாக இருப்பதும் இங்கேதான். டீசல் காருக்கு நடக்கும் சோதனையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து விட்டு, மறுபடி மிதித்து, வெளியே வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று மட்டும் அளக்கிறார்கள். பிஎஸ்-4 என்ற புகைத் தரத்துக்கு முந்தைய வண்டி என்றால் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரைக்கும், பிஎஸ்-4 என்றால் 50 வரைக்கும் பாஸ். நைட்ரஜன் ஆக்சைடை அந்த மெஷின் அளப்பதே இல்லை. இஜிஆரை அடைத்தால் கரி குறையும், காற்று உள்ளே போகும் இன்டேக் சுத்தமாக இருக்கும், புகை அளவும் குறைவாகவே காட்டும். ஆனால் இன்ஜினுக்குள் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடிவிடும். பின்னால் பைக்கில் வருகிறவரும் ரோட்டோரம் கடை போட்டிருப்பவரும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். ஆகவே பியுசி பாஸ் என்பது அன்றைக்குப் புகை அளவுக்குள் இருந்தது என்பதற்கான சீட்டு மட்டுமே, ரீமேப்புக்குக் கிடைத்த அனுமதி என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சீட்டும் பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிக்கு ஒரு வருஷமும், அதற்கு முந்தையதற்கு 6 மாதமும்தான் செல்லும்.

ரீமேப்பை அங்கீகாரத்தோடு செய்ய முடியாதா என்று கேட்டால், ஒரு மாடலுக்குத் தர ஒப்புதல் கொடுப்பதற்கு புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்று சோதனை மையங்கள் இருக்கின்றன. அவை கம்பெனிகள் ஒரு மாடலைக் கொண்டுவந்து சோதிக்கிற இடங்கள். ஒரு தனி ஆள் தன் பழைய காரின் பைலை எடுத்துக்கொண்டு போய் ஒப்புதல் வாங்குவது நடக்கிற காரியமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் தயாரிப்பாளரே வெளியிட்ட சாஃப்ட்வேர் அப்டேட் போடுவது வேறு விஷயம், அதற்கு இந்தப் பிரச்சினை எதுவும் கிடையாது.

இன்சூரன்ஸில் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் சிக்கல் உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மில் வரும். சர்வேயர் பார்த்து, அறிவிக்காத மாற்றம் என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் வாதாடும் வேலை உங்களுடையது. சொல்லிவிட்டால் ஆர்சியில் ஏற்றியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள், ஏற்றவும் முடியாது. இரண்டு பக்கமும் அடி.

இப்போது மைலேஜுக்கு வருவோம். முதலில், குவாலிஸ் மாதிரி மெக்கானிக்கல் பம்ப் இருக்கிற பழைய வண்டிகளில் ரீமேப் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, இது டீசல் தெளிப்பதைக் கம்ப்யூட்டரே ஆளும் காமன் ரெயில் இன்ஜின்களுக்கான சமாச்சாரம். அவற்றில் இன்ஜெக்ஷன் நேரம், ரெயில் பிரஷர், டர்போ பூஸ்ட் இதையெல்லாம் மாற்றி, குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் (இழுவிசை) கூட வருகிற மாதிரி செய்வார்கள். மேல் கியருக்குச் சீக்கிரம் மாற முடிகிறது, அதனால் கொஞ்சம் டீசல் மிச்சமாகிறது. அது உண்மைதான், ஆனால் கிடைத்த பிக்கப்பை மிதிக்காமல் ஓட்டுகிறவருக்குத்தான் அது மிச்சம். இன்னொன்று, 1248 சிசி மல்ட்டிஜெட் இன்ஜின் சில கார்களில் 75 குதிரைத்திறனிலும் சிலவற்றில் 90இலும் வந்ததைக் காட்டி, இன்ஜின் ஒன்றுதான், சாஃப்ட்வேரில்தான் வித்தியாசம் என்பார்கள். 90இல் இருந்தது இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ, 75இல் இருந்தது சாதாரண டர்போ. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய சாதாரண டர்போவிடமும் க்ளட்ச்சிடமும் கூடுதல் வேலை வாங்கினால் அதன் செலவு பின்னால் வந்து நிற்கும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கொடுக்கிற வண்டி 17.5 கொடுக்க ஆரம்பித்தது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 62.5 லிட்டர் குடித்த இடத்தில் சுமார் 57 லிட்டர் குடிக்கும், லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் 500 ரூபாய்க்குப் பக்கத்தில் மிச்சம். ரீமேப்புக்கு 20,000 ரூபாய் கொடுத்திருந்தால் அந்தப் பணம் திரும்பவே மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை வண்டிக்கு ஆர்சி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம்தான், அப்புறம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லிப் பக்கத்து 10 வருஷ டீசல் தடை தமிழ்நாட்டுக்கு இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எஃப்சிக்கு நிற்கும்போது வண்டியை ஆய்வு செய்வார்கள், 15 வருஷம் தாண்டி 20 வருஷத்துக்குள் இருக்கும் காரின் புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் ஆகிவிட்டது.

அந்த 20,000இல் ஒரு பகுதியை வைத்தே பழைய வண்டியின் தொலைந்த மைலேஜைத் தேடலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் எண்ணெய் கசிந்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், இஜிஆரை அடைக்காமல் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு வீல் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்ட இன்ஜின் சூடேறாமல் கூடுதல் டீசலைக் குடிக்கும். இதை நிறைய பேர் பார்ப்பதே இல்லை.

ஏற்கெனவே ரீமேப் செய்துவிட்டவர்கள், செய்தவரிடம் அசல் பைலைக் கேட்டு வாங்கி, எஃப்சிக்கும் விற்பனைக்கும் காத்திருக்காமல் இப்போதே திரும்பப் போட்டுவிடுங்கள். பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள், பைல் மாறியிருக்கிறதா, இஜிஆர் வேலை செய்கிறதா என்று ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆர்சி உங்கள் பெயருக்கு வந்தபின் மாட்டினால், முந்தைய ஓனர் செய்தது என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையதுதான்.